நாரைக் கூட்டம் ஐம்பது வருடம் தாங்குமா? எக்செலில் கணக்கிட்டுப் பார்க்கலாம்

இலங்கையின் கிழக்கே உள்ள குமண வில்லு என்ற சதுப்பு ஏரியில் கண்டல் மரம் நிறையச் சங்குவளை நாரைகளைப் பார்த்தால், இவற்றுக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் கூட்டம் நிலைக்குமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

முதலில் எண்ணிக்கை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. நம் பக்கம் அப்போது மாரி. பறவைகள் வயலிலும் குளத்திலும் மட்டக்களப்பு வாவியிலுமாகச் சிதறி நிற்கும். அதனால் கூடு கட்டும் காலத்தில், வருடந்தோறும் ஒரே இடங்களில் கூடுகளை எண்ணுவதே நல்லது. அனுமதி எடுத்துக்கொண்டு, தூர நின்று தொலைநோக்கியால் எண்ணுங்கள். கிட்டப் போனால் தாய்ப்பறவை எழும்பிவிடும், முட்டையைக் காகம் தூக்கிவிடும்.

இளசுகளைத் தனியாகக் குறியுங்கள். வளர்ந்த நாரைக்கு வாலடியில் ரோஸ் நிறம், நெஞ்சில் கறுப்புப் பட்டை. இளசு மங்கிய பழுப்பு. அவை இனப்பெருக்கத்துக்கு வர ஏறக்குறைய நான்கு வருடம் ஆகும். இன்று இளசு இல்லாவிட்டால் அதன் அடி அப்போதுதான் தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு வருட எண்ணிக்கையையும் முந்தைய வருடத்தால் வகுங்கள். இங்கேதான் சராசரி ஏமாற்றும். 400 கூடு பாதி கூடினால் 600. மறு வருடம் பாதி குறைந்தால் 300. விகிதங்கள் 1.5, 0.5. சராசரி 1, ஆனாலும் நூறு கூடு போய்விட்டது!

சரி, சராசரியை விடுங்கள். விகிதங்களில் ஒன்றைக் குருட்டாக்கில் எடுத்து, இந்த வருடக் கூடுகளின் எண்ணிக்கையை அதனால் பெருக்குங்கள். அடுத்த வருடத்துக்கு மறுபடி ஒன்று. மரங்கள் கொள்ளும் அளவை உச்சமாக வையுங்கள். இப்படி ஐம்பது வருடத்தை 1000 தடவை ஓட்டி, 20 கூட்டுக்குக் கீழே எத்தனை தடவை விழுகிறது என்று பாருங்கள். 150 என்றால் அபாயம் 15 சதவீதம்.

உங்கள் பதிவில் 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் இருக்காது. ஆகவே வருடத்துக்கு 4 சதவீத வாய்ப்பில் கூட்டம் பாதியாவதாகவும் ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டு விடைக்கும் உள்ள இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வயதுவாரியாகப் பார்க்க வோர்டெக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் குஞ்சுகளின் இறப்பையும் வளர்ந்தவற்றின் இறப்பையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். நாரை நெடுநாள் வாழும் பறவை. ஒரு வருடக் குஞ்சுகள் போனாலும் கூட்டம் தேறிவிடும். வளர்ந்தவை வருடாவருடம் கொஞ்சம் கூடுதலாகச் செத்தாலே தேறாது.