கல்யாண ரிசப்ஷனில் பாடப் போகிறீர்களா? புக் செய்யும் பார்ட்டியிடமும் கூட்டத்திடமும் பேசும் முறை

பாட்டு நன்றாக வரும், தாளம் பிசகாது, ஆனாலும் ஒரு முறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிடுவதில்லை என்று புலம்பும் புதுக் குழுக்கள் நிறைய. பெரும்பாலும் குறை குரலில் இருக்காது. யாரிடம் எதைப் பேசி முடிப்பது என்று தெரியாததில் இருக்கும். மெல்லிசைக் குழு ஆரம்பிக்கும் பலருக்கு முதல் மேடை கல்யாண ரிசப்ஷன்தான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

1. போனில் தொகை சொல்லாதீர்கள்

"ஆர்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவுங்க?" முதல் கேள்வியே இதுதான். உடனே ஒரு தொகையைச் சொன்னால் அதற்கப்புறம் பேரம் மட்டுமே நடக்கும். "விவரம் கேட்டுட்டு சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, நாள், ஊர், மண்டபம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சவுண்ட் செட் யாருடையது, மேடை எவ்வளவு பெரியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் என்று சொன்னால் சாயங்காலமே அனுப்பிவிட வேண்டும். ஆடியும் மார்கழியும் போனபிறகு முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும். அந்தச் சமயத்தில் அவர்கள் இன்னும் நாலு குழுக்களிடம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

போனை வைக்கும் முன் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. "அன்னைக்கு மேடைகிட்ட நாங்க யார் சொல்றதைக் கேக்கணும் சார்?"

இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். புக் செய்தவர் பெண்ணின் தாய்மாமன். பணம் தருபவர் அப்பா. பாட்டு லிஸ்ட் தம்பியிடம். ரிசப்ஷன் அன்று மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து "குத்துப் பாட்டா போடுங்க பாஸ்" என்பார்கள். அதே நிமிஷம் முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டுவார். இருவரும் உங்கள் பார்ட்டிதான், இருவருக்கும் தலையாட்டவும் முடியாது. ஒரு பெயர், ஒரு நம்பர் கையில் இருந்தால், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உடனே பாடிடறோம்" என்று யாரையும் புண்படுத்தாமல் சொல்லிவிடலாம்.

2. பேசியதை ஒரே மெசேஜில் அனுப்புங்கள்

ஸ்டாம்ப் பேப்பரெல்லாம் சின்ன நிகழ்ச்சிக்குத் தேவையில்லை; கொண்டுபோனால் மிரண்டுவிடுவார்கள். வாட்ஸ்அப் போதும். ஆனால் துண்டு துண்டாக அனுப்பாதீர்கள், வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் சார். பேசினபடி விவரம். ஞாயிறு மாலை 6.30 முதல் 9.30 வரை, நடுவில் 15 நிமிடம் இடைவேளை. குழுவில் 8 பேர்: பாட மூன்று பேர், கீபோர்டு, கிட்டார், தபேலா, டிரம்ஸ், ரிதம் பேட். தொகை ₹45,000. அட்வான்ஸ் ₹15,000 வந்ததும் நாள் உறுதி. மீதி ₹30,000 அன்று இரவு 9 மணிக்கு. சவுண்ட் செட் எங்களுடையது. கரண்ட், ஜெனரேட்டர் டீசல் உங்கள் பொறுப்பு. 9.30க்கு மேல் நீண்டால் அரை மணிக்கு ₹4,000. 8 பேருக்கும் இரவுச் சாப்பாடு. சரியென்றால் 'ஓகே' என்று பதில் போடுங்கள்."

தொகைகள் உதாரணத்துக்கு. அந்த 'ஓகே' வந்த பிறகுதான் காலண்டரில் எழுத வேண்டும்.

சாப்பாட்டை எழுதுவதற்குச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். சமையல் காண்ட்ராக்டர் இலைக் கணக்கு பார்ப்பவர். கச்சேரி முடிந்து ஒயரைச் சுற்றிவிட்டு நீங்கள் இறங்கும்போது கடைசிப் பந்தி எழுந்திருக்கும், அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள். எட்டு இலை முன்பே கணக்கில் இருந்தால் எடுத்து வைத்திருப்பார்கள்.

3. பாட்டும் பர்மிஷனும்

லிஸ்டை ஒரு வாரம் முன்பே அனுப்பி, "இதில் வேண்டாததை அடித்துவிடுங்கள்" என்று கேளுங்கள். வேண்டியதைக் கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார்கள். பிரிவுப் பாட்டு, சாவுக் காட்சியில் வந்த பாட்டு எவ்வளவு ஹிட்டாக இருந்தாலும் நீங்களே நீக்கிவிடுங்கள். மெட்டு நமக்கு மயக்கமாக இருக்கலாம், மாமியார்களுக்கு வரிதான் காதில் விழும்.

காப்பிரைட் பற்றி இப்போது பார்ட்டிகளே கேட்கிறார்கள். 2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போன செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பதில் தெரிந்து வைத்திருங்கள்: 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, மதச் சடங்கோடு சேர்த்துக் கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. இதற்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசும் பொது அறிவிப்பு வெளியிட்டது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி வேறு கதை. அதற்கு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் போன்ற அமைப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். யார் வாங்குவது என்பதையும் மெசேஜில் எழுதுங்கள்.

கோயில் திருவிழா என்றால் கமிட்டியிடம் போலீஸ் அனுமதிக் கடிதத்தின் காப்பியைக் கேட்டு, நிபந்தனைகளை நீங்களே படியுங்கள். சாதி, கட்சி பற்றிய பாட்டு கூடாது என்று போட்டிருந்தால் குழுவில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விழாக் காலங்களில், வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். மூடிய மண்டபத்துக்குள் இந்தத் தடை இல்லை. ஆனால் மொட்டை மாடியிலோ தெருப் பந்தலிலோ ரிசப்ஷன் என்றால் உண்டு.

4. மைக்கைப் பிடித்ததும்

ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் உங்களைக் கேட்க வந்தவர்கள் இல்லை. மொய்க் கவரோடு வரிசையில் நிற்கிறார்கள், பல வருஷம் கழித்துப் பார்த்த சித்தப்பாவிடம் பேசுகிறார்கள். "கைதட்டல் பத்தலையே!" என்று அவர்களிடம் கேட்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். முதல் ஒரு மணி நேரம் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச முடிகிற அளவில் சவுண்ட் இருக்கட்டும். வரிசை குறைந்ததும் கூட்டலாம்.

அறிவிப்பு மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும் அளவே இருக்க வேண்டும். மணமக்கள் பெயரைப் பத்திரிகை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், உச்சரிப்பை வீட்டாரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். விருந்தினர் பெயர்களைப் படிக்கச் சொன்னால், யார் முதலில் என்ற வரிசையோடு அவர்கள் கைப்படவே எழுதி வாங்குங்கள். ஒன்றியச் செயலாளர் முதலா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் முதலா என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது.

கார் எடுக்கச் சொல்வது, குழந்தையைக் காணவில்லை என்பது போன்ற அறிவிப்பு வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு முறை நிதானமாகச் சொல்லுங்கள். பாட்டுக்கு நடுவே கத்தினால் வண்டி நம்பர் யாருக்கும் புரியாது.

5. துண்டுச் சீட்டு

எட்டு மணிக்கு மேல் சீட்டுகள் வரத் தொடங்கும். வாங்கும்போதே மூன்றில் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்: "அடுத்ததா பாடறோம்", "இடைவேளைக்கு அப்புறம்", "இது எங்க லிஸ்ட்ல இல்லைங்க, இதே ராகத்துல வேற ஒண்ணு பாடட்டுமா?" சிரித்தபடி வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால், கொடுத்தவர் கடைசிவரை அங்கேயே நிற்பார், அப்புறம் நண்பர்களோடு வருவார். குடித்துவிட்டு வந்து மைக்கைக் கேட்பவரிடம் மேடையில் வாக்குவாதம் வேண்டாம். கீபோர்டுக்காரர் ஒரு சின்ன இசைத்துணுக்கை ஓட்டட்டும், நீங்கள் முதலிலேயே கேட்டு வாங்கிய அந்த ஒரு நம்பருக்குப் போன் போடுங்கள்.

6. மீதிப் பணம்

ஒன்பது மணிக்குக் குழுவில் பாடாத ஒருவர் போய்க் கேட்க வேண்டும். "சார், அந்த மீதி..." என்று இழுக்காமல், "மெசேஜ்ல போட்டபடி முப்பதாயிரம் சார், ஜிபேயா கேஷா?" என்று கேட்டால் போதும். பத்து மணிக்கு மேல் அப்பா பெண்ணை அனுப்பும் கவலையில் இருப்பார், மொய்ப் பெட்டி பூட்டப்பட்டு யாரோ ஒரு அத்தையின் காரில் போய்விட்டிருக்கும். பணம் வந்ததும் அதே வாட்ஸ்அப்பில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.