சில்லும் வில்லும்: பெரிய லெகோ கார் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை அக்காவின் மகன் தன் காரைத் தூக்கிக்கொண்டு பரந்தனில் இருந்து வந்தான். சிவப்பு நிறம், அரை மீற்றருக்கு மேல் நீளம், மேலே திறக்கும் கதவு, பின்னுக்கு எஞ்சின். சுவிசில் இருக்கும் சித்தப்பா இரண்டு வருசமாகப் பெட்டி பெட்டியாக அனுப்பிய லெகோ துண்டுகளை வைத்து அவனே யோசித்துக் கட்டியது. சீமெந்துத் தரையில் மெல்ல வைத்தான். பின்பக்கம் அப்படியே இறங்கி, சில்லு மட்காட்டில் முட்டி நின்றது. முன்சில்லுகள் இரண்டும் மேலே உள்ளுக்குச் சாய்ந்து, அடியில் வெளியே விரிந்துவிட்டன.

"மாமா, நேற்று வரைக்கும் வடிவாத்தான் நிண்டது" என்றான். முகம் வாடிவிட்டது. கட்டிய நாள் முழுக்க அதை இரண்டு புத்தகங்களின் மேல் ஏற்றி வைத்திருக்கிறான். சில்லு நிலத்தைத் தொட்டதே அன்றைக்குத்தான்.

முதல் தவறு அதுதான், மிச்சத் தவறுகள் பலவும் அதிலிருந்தே வருகின்றன. உடம்பை வடிவாகக் கட்டி முடித்துவிட்டு, சில்லையும் சஸ்பென்சனையும் கடைசியில் கிடைத்த இடத்தில் செருகப் பார்க்கிறோம். தலைகீழாகச் செய்யுங்கள். நாலு சில்லு, நாலு சொக் (குலுக்கலைத் தாங்கும் வில் சுற்றிய தண்டு), நடுவில் வெறும் சட்டம், இவ்வளவையும் முதலில் கட்டுங்கள். சட்டத்தின் மேல் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டி நிலத்தில் விடுங்கள். பெரிய கார் ஒன்று முடியும்போது பாரம் அந்த அளவைத் தாண்டிவிடும். 1994 இல் வந்த லெகோ சுப்பர் கார் 8880 இல் 1343 துண்டுகள். 2018 இல் வந்த லெகோ புகாட்டி ஷிரோன் காரில் 3599. துண்டு கூடினால் பாரமும் கூடும், பாரம் முழுவதும் அந்த நாலு சொக்கின் தலையில்தான்.

சொக் எங்கே பூட்டப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் வழுக்கும் இடம் இது. சில்லைப் பிடித்திருக்கும் கையை, கராஜில் ஆர்ம் என்பார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சொக்கின் கீழ்முனையைச் சில்லுக்குப் பக்கத்தில் பூட்டினால் வில்லின் முழு வலுவும் சில்லுக்குக் கிடைக்கும். கையின் நடுவில் பூட்டினால், சில்லு ஒரு சென்ரிமீற்றர் ஏறும்போது வில் அரைச் சென்ரிமீற்றர்தான் அமுங்கும். அந்த அரைவாசி வலுவும் சில்லுக்குப் போய்ச் சேரும்போது இன்னொரு முறை பாதியாகிவிடும். ஆக, கிடைப்பது நாலில் ஒரு பங்கு. மருமகன் இடம் காணாமல் நடுத்துளையில்தான் பூட்டியிருந்தான். அதோடு சொக்கைப் படுக்கவும் வைத்திருந்தான். படுத்த சொக் பக்கவாட்டில்தான் தள்ளும், பாரத்தைத் தூக்காது.

ஒரே நீளச் சொக்கிலேயே மென்வில்லும் வன்வில்லும் உண்டு. பழைய துண்டுகள் கலந்த பெட்டியில் நிறத்தை நம்பாமல் இரண்டையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். மத்திய எஞ்சின் காரில் கியர்பெட்டியும் எஞ்சினும் பின்னால் கிடப்பதால் பாரம் பின்னுக்குத்தான் கூட. குசினித் தராசில் பின்சில்லுகளை மட்டும் ஏற்றி நிறுத்துவிட்டு, பிறகு முன்சில்லுகளை நிறுங்கள். பாரம் கூடிய பக்கத்துக்கு வன்வில். நெல் மூட்டை ஏற்றும் மோட்டார் சைக்கிளில் பின் சொக்கை ஒரு படி இறுக்கிவிடுகிறோம் அல்லவா, அதே கணக்குத்தான். கார் தன் பாரத்தில் நிற்கும்போது சொக்கின் ஓட்டத்தில் (அது அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில்) மூன்றில் ஒன்றளவு அமுங்கியிருந்தால் நல்லது. துளியும் அமுங்காவிட்டால் அது சஸ்பென்சனே இல்லை.

சரி, அடுத்தது சில்லின் அளவு. உண்மையான ஷிரோனின் பின் ரயர் 355/25 (அகலம் 355 மில்லிமீற்றர், ரயரின் பக்க உயரம் அதில் நூற்றுக்கு 25), றிம் 21 அங்குலம். முன் ரயர் 285/30, றிம் 20 அங்குலம். விட்டத்தைக் கணக்குப் போட்டால் பின்னுக்கு ஏறக்குறைய 711 மில்லிமீற்றர், முன்னுக்கு 679. லெகோ ஷிரோன் 1:8 அளவு. எட்டால் வகுத்தால் 89, 85 என்று வரும். அகலம் பின்னுக்கு 44, முன்னுக்கு 36. லெகோவின் பெரிய ரயர் ஒன்றின் விட்டம் 81.6, அகலம் 44. அதையே நாலு பக்கமும் பூட்டினால் பின் அகலம் அச்சொட்டாகப் பொருந்தும், முன் ரயர் மட்டும் எட்டு மில்லிமீற்றர் தடித்துவிடும். அந்தத் தடிப்பைக் கவனிக்காமல் முன் மட்காட்டைப் படத்தில் உள்ளபடியே கட்டினால், ஸ்ரேறிங்கை வெட்டும்போது ரயர் உரசும்.

ஆகவே காரைத் தேர்ந்துவிட்டு ரயர் தேடாதீர்கள். கையில் இருக்கும் ரயரை எடுத்து, பக்கத்தில் பொறித்திருக்கும் அளவை வாசித்து, அதிலிருந்து காரின் அளவைப் போடுங்கள். 62.4 மில்லிமீற்றர் ரயர்தான் இருக்கிறதென்றால் ஷிரோன் கிட்டத்தட்ட 40 சென்ரிமீற்றரில் முடிய வேண்டும். 56 சென்ரிமீற்றரில் கட்டினால் உழவு இயந்திரப் பெட்டிக்குச் சைக்கிள் சில்லு பூட்டியது மாதிரி இருக்கும். இன்னொன்று சொல்ல வேண்டும்: ஆளை ஏற்றி ஓடிய முழு அளவு லெகோ ஷிரோனைப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகளால் கட்டினார்கள். அதற்குக்கூடச் சில்லும் ரயரும் உண்மையான காருடையவை.

விரிந்து நின்ற முன்சில்லுக்கு வருவோம். லெகோ மூட்டு ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம் உண்டு. மாட்டு வண்டிலில் சில்லின் நடுக் குடம் தேய்ந்தால் சில்லு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் ரயரை வெளிப்புறத்தில் மேலே தள்ளுகிறது, ஆட்டம் எல்லாம் சேர்ந்து சில்லின் தலை உள்ளே சாய்கிறது. மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இடையில் லெகோ பீமின் கணக்கில் இரண்டு துளைத் தூரம்தான் விட்டிருந்தான். இடைவெளியை நாலு துளையாக்கி, றிம்முக்குள் குடம் ஆழமாக உட்காரும் மாதிரி மாற்றியதும் பாதிச் சாய்வு போனது. மிச்சத்துக்கு மேல் கையை அரைத் துளை நீட்டினோம். தூக்கிப் பிடித்தால் சில்லின் தலை கொஞ்சம் வெளியே சரியும், நிலத்தில் விட்டால் நேராகிவிடும்.

ஸ்ரேறிங் கம்பியின் நீளமும் கவனிக்க வேண்டியது. அது கைகளின் நீளத்துக்குச் சமமாகவும் அவற்றுக்கு ஒத்த சரிவிலும் இல்லையென்றால், காரை அமுக்கும்போதெல்லாம் சில்லு தானாகத் திரும்பும். போனற்றில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு மேலிருந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அச்சில், மடங்கும் ஜொயின்ற்றின் நடு, கை மடங்கும் கோட்டிலேயே இருக்கட்டும். தள்ளிப்போனால் சில்லு ஏறி இறங்கும்போது அச்சு இறுகும், கியர் வழுக்கும்.

அப்புறம் சட்டத்தின் உறுதி. ஒரு முன்சில்லுக்கு அடியில் நெருப்புப் பெட்டியை வையுங்கள். மற்ற மூன்று சில்லும் நிலத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கதவின் இடைவெளியைப் பாருங்கள். அது ஒரு பக்கம் கூடிக் குறைந்தால் வளைந்தது சொக் அல்ல, சட்டம். மருமகனின் காரில் கதவே திறக்கவில்லை. கதவுக்குக் கீழே ஓரத்தில் மூன்று துளை உயரத்துக்குப் பெட்டி மாதிரி மூடிக் கட்டி, குறுக்கே இரண்டு சாய்ந்த பீம் போட்டோம். அதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கரைச்சல் புழுதி. கிரவல் வீதியோரத்து வீடென்றால் காரை முற்றத்தில் ஓட்டாதீர்கள். சொக்கின் தண்டில் செம்புழுதி ஏறினால் வில் இடையில் இறுகி நிற்கும். எண்ணெய் விடவும் கூடாது, புழுதி இன்னும் ஒட்டும். காய்ந்த பல் தூரிகையே போதும்.

அலுமாரியில் வைக்கும்போது சட்டத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள். இந்த ரயர்களுக்குள் காற்று இல்லை, வெறும் கூடு. மாதக்கணக்காகப் பாரத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். மருமகனின் கார் இப்போது புத்தகத்தின் மேல்தான் திரும்பவும் நிற்கிறது. இறக்கி வைத்தாலும் மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறது.