கன்னிப்பூவுக்கு விதை போடும் முன் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் கை பரபரக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில், தோவாளை சானல் என்கிற பாசனக் கால்வாயின் கடைவரம்பில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல். பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் மேல்மடைகளை எல்லாம் தாண்டி எங்கள் மடைக்கு வர மேலும் பல நாள் ஆகும். அதனால் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்கு நாங்கள் பொடிவிதைதான் போடுவோம். புழுதி உழவு அடித்து, காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கலாம், இல்லையென்றால் ஒரு மழை பெய்த ஈரத்தில் விதைக்கலாம்; இங்கே நான் சொல்வது ஈரத்தில் விதைப்பதை.

கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம், மாமி ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஒரு சாயங்கால மழை பெய்தது. மண் வாசனை வந்ததும் ஆள் கூப்பிட்டு மறுநாளே விதைத்துவிட்டேன். ஆறாம் நாள் ஊசி ஊசியாக முளை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு மழை இல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான். பத்தாம் நாள் பார்த்தால் முளை எல்லாம் வைக்கோல் நிறம். ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் இரண்டு விரல் ஆழம் இறங்கி, அங்கே வெறும் புழுதியில் முட்டி நின்றிருந்தது. திரும்பி வந்த மாமி திட்டவில்லை. “மேல் ஈரமும் அடி ஈரமும் கூடணும் மக்களே. அது மழை இல்ல, தூத்தலாக்கும்” என்று மட்டும் சொன்னார்.

நான் படித்த பாடம் இதுதான்: காய்ந்த மண்ணை விட அரைகுறை ஈரம்தான் விதைக்கு எமன். நன்றாகக் காய்ந்த புழுதியில் கிடக்கும் நெல் முளைக்காமல் அப்படியே உறங்கும், அடுத்த மழைக்கு எழும்பும். முளை கிளம்பிய நெல்லுக்குத் திரும்பிப் போக வழி இல்லை.

ஆகவே மழை விட்ட மறுநாள் காலையில் மம்பட்டியோடு வயலுக்குப் போங்கள். வரப்போரம் பார்க்காதீர்கள், அங்கே எப்போதும் ஈரம் கூடுதலாகத் தெரியும். வயலின் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என மூன்று இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய சுவரைப் பார்த்தாலே கருப்பாக நனைந்த மண் எதுவரை, வெளிறிய மண் எங்கிருந்து என்று கோடு போட்டது போலத் தெரியும். நனைந்த மண் நாலு விரல் ஆழத்தைக்கூட எட்டவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு சாணும் நனைந்திருந்தால் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஈரம் மிஞ்சி இருக்கிறது, இரண்டு நாள் பொறுக்கணும். கொழுக்கட்டை மாதிரி நின்று, இடுப்புயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைந்தால் அதுதான் பதம். கையைத் திறந்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தால் விதைக்கு அது போராது.

டிராக்டர் இறக்குவதற்கும் இதே சோதனைதான். கசியும் ஈரத்தில் களிமண்ணை உழுதால் கட்டி கட்டியாக எழும்பும். அது காய்ந்தபின் கல். அடியில் மண் இறுகிப்போய் வேரும் இறங்காது.

மழையை அளக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள தகரடப்பா ஒன்றை மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் ஒரே வீச்சில் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். எங்கள் களி கலந்த வயலில் அந்த அளவுக்குக் குறைந்த மழையை நான் விதைப்பு மழையாக எடுப்பதில்லை. மூன்று நாள் ஐந்து ஐந்தாகப் பெய்ததைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. ஒவ்வொரு முறையும் மேல்மண் குடித்ததைக் காற்று கொண்டுபோயிருக்கும்.

பொடிவிதைக்கு நெல்லைக் கடினப்படுத்திப் போடுவது நல்லது. 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாஷ் கரைத்து, 10 கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, ஊறுவதற்கு முன் இருந்த அளவுக்குக் காயும்வரை நிழலில் உலர்த்துங்கள். இடையில் கொஞ்சம் வறட்சி வந்தாலும் பயிர் தாங்கும். இதைச் செய்துவிட்டோம் என்று தோண்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விதைத்த மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தால்? பள்ளத்து வரப்பை அன்றைக்கே வெட்டி விடுங்கள். தண்ணீருக்கடியில் மூச்சு கிடைக்காமல் விதை அழுகும். மழை ஓய்ந்து வெயில் ஏறினால் மேலே பொருக்கு கட்டும். முளை அதை முட்டி வளைந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. லேசாகக் கீறிக் கொடுத்தால் போதும், எழும்பிவிடும்.

விளையில், அதாவது மேட்டுத் தோட்டத்தில், மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) கணக்கு வேறு. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். இன்று பதம் என்றால் நாளையே போய்விடலாம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன், நட்ட மரச்சீனிக் கம்பு வேர் பிடித்திருக்கணும். கம்பை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கும்போது வெட்டுவாயில் பால் வடிகிறதா பாருங்கள், வடியாத கம்பு எந்த ஈரத்திலும் பிடிக்காது. மண்ணைக் குவித்து அதில் நடுங்கள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லில் பயம் எதிர்ப்பக்கம். அணையில் தண்ணீர் இருக்கும், ஐப்பசி கார்த்திகை வானத்தைத்தான் நம்ப முடியாது. 2021 நவம்பர் மத்தியில் பெய்த மழையில் நட்டு இருபது நாளான எங்கள் அம்பை 16 ரக நெல் முழுதும் முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வயலில் யூரியா வீசினார்கள். நான் வீசவில்லை. வேர் மூச்சு விட்டு புது இலை ஒன்று வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். செத்த இடங்களில் ஊடு நட நாற்று இருந்ததால்தான் தப்பினேன். அதனால் இப்போதெல்லாம் நாற்றங்காலை இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் விதைப்புக்குப் பத்து நாள் கழித்து மூன்று சென்டில் இன்னொன்று.

வாழைக்கு ஈரத்தோடு காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடணும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது என் விளையில் விழுந்தவை முக்கால்வாசி குலை தள்ளிய ஏத்தன் (நேந்திரன்) வாழை. இளங்கன்றுகள் நின்றன. அதிலிருந்து ஒரே நாளில் எல்லாக் கன்றையும் நடுவதில்லை, இரண்டு மாச இடைவெளியில் பிரித்து நடுகிறேன்.

மேகதூத் என்கிற வேளாண் வானிலைச் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் மாவட்டத்துக்கான ஆலோசனை வரும், அதைப் பார்க்கிறேன். கனமழை என்றால் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து, அந்த எச்சரிக்கை இருந்தால் உரமும் இல்லை, விதைப்பும் இல்லை. பேப்பரில் அணை மட்டமும் பார்ப்பேன்: பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. பொடிவிதை போட்டபின் வானம் கைவிட்டால் சானல் எப்போது கைகொடுக்கும் என்று அதை வைத்துத்தான் மதிப்பிட முடியும். இரண்டு அணையும் இறங்கிக் கிடக்கிற வருஷம் ஒரு ஏக்கரில் மட்டும் விதைப்பேன். மிச்ச விதை சாக்கோடு நெல் பத்தாயத்தின் மேலே இருக்கும், இரண்டாவது மழை டப்பாவில் 25ஐத் தொடும்வரை.