காகிதக் கூரை நின்ற கதை

மகள் லெகோ கட்டைகளில் ஒரு வீடு கட்டினாள். சுவர் அருமையாக வந்தது. சிவப்புச் சார்ட் பேப்பரை நடுவில் மடித்துக் கூரையாக வைத்தோம். மின்விசிறியைப் போட்டதும் பறந்துவிட்டது. ஃபெவிகால் தடவலாம் என்றேன். "கட்டை கெட்டுப்போயிடும்ப்பா!" என்று பிடுங்கிக்கொண்டாள். சரிதான்.

அப்புறம் ஒற்றை ஓட்டை போடும் பஞ்ச் கண்ணில் பட்டது. அளந்து பார்த்தேன்: ஓட்டை 6 மி.மீ., கட்டையின் குமிழ் 4.8 மி.மீ. கூரையின் இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் வெளிப்பக்கம் மடித்து, அதில் ஓட்டை போட்டுக் குமிழில் மாட்டி, மேலே இன்னொரு கட்டையை வைத்து அழுத்தினேன். பிடித்துக்கொண்டது என்று நினைப்பதற்குள் கிழிந்தது. எல்லாக் குமிழுக்கும் ஓட்டை போட்டதுதான் தப்பு. குமிழின் மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு 8 மி.மீ.தான், ஓட்டைகளுக்கு நடுவே 2 மி.மீ. காகிதம்தான் மிஞ்சும். ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டதும் நின்றது.

கல்யாணப் பத்திரிகை அட்டையிலும் முயன்றேன். தடிமன் அதிகம், மேல் கட்டை இறுகவில்லை. சார்ட் பேப்பரே போதும்.

இப்போது உள்ளே ஒரு காகிதப் பூனை குடியிருக்கிறது. வாசல் வைக்கத்தான் மறந்துவிட்டோம்.