டிவி ஆட்டத்தைப் பார்த்து பிக்ஆஃப் பழகாதீர்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதுவும் பந்து வீசும் பிட்சராக இருந்தால், இதைக் கட்டாயம் படியுங்கள். ரன்னரை, அதாவது களத்தின் மூலைகளான பேஸ்களில் நிற்கும் எதிரணி ஆட்டக்காரரை, அவுட்டாக்க பேஸுக்குப் பந்தை வீசும் பிக்ஆஃபை மேஜர் லீக் (தொழில்முறை) ஆட்டங்களைப் பார்த்தே பலர் பழகுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆட்டம் என்எஃப்எச்எஸ் என்ற தேசியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கிறது. சில விஷயங்களில் அந்த விதிகள் மேஜர் லீக் விதிகளிலிருந்து விலகிப் போகின்றன.

பிட்சர் விதியை மீறி அசைந்தால் அது ‘பால்க்’. அம்பயர் அப்படிச் சொன்னால் பேஸில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பேஸ் இனாம். மூன்றாம் பேஸில் ஆள் இருந்தால் ஒரு ரன் போச்சு. கிரிக்கெட் நோ-பால் மாதிரி இதைக் கோட்டுக் கணக்காகப் பார்க்கக் கூடாது. ரன்னரை முறைகேடாக ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இந்த விதி.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு காலில்தான். பிட்சர் கால் ஊன்றும் பட்டையான ரப்பரில் நின்றபடி முதல் பேஸுக்கு வீசும்போது முன்கால் (ரப்பரில் ஊன்றாத கால்) அந்த பேஸை நோக்கி நேராகப் போக வேண்டும். இடதுகை பிட்சர்கள் பாதி பேட்டர் நிற்கும் ஹோம் பக்கமும் பாதி முதல் பேஸ் பக்கமுமாகக் காலை வைத்து ரன்னரைக் குழப்பப் பார்ப்பார்கள். ஹோமுக்கும் முதல் பேஸுக்கும் நடுவே 45 டிகிரியில் ஒரு கோட்டை மனதில் வைத்துத்தான் அம்பயர்கள் பொதுவாக இதைக் கணிக்கிறார்கள். கால் ஹோம் பக்கம் சாய்ந்து இறங்கினால் பால்க். தூக்கிய முன்கால் முழுவதும் ரப்பரின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் முதல் பேஸை மறந்துவிட வேண்டும். பேட்டருக்கு வீசலாம், அல்லது இரண்டாம் பேஸ் ரன்னரைப் பிடிக்கப் போகலாம். இடதுகை மேதை ஸ்டீவ் கார்ல்டனுக்கே மேஜர் லீக்கில் மொத்தம் 90 பால்க். அவ்வளவு நுணுக்கமான வேலை இது.

அடுத்தது தோள். இரு கைகளையும் சேர்த்து செட் நிலைக்கு வந்தபின் ரன்னரைப் பார்க்கத் தலையை மட்டும் திருப்பலாம். தோள் திரும்பினால் பால்க்.

முதல் பேஸுக்கு வீசுவது போல் பாவனை காட்டிவிட்டுப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொள்வதும் பால்க்தான். பாவனை வேண்டுமென்றால், ரப்பரில் ஊன்றிய காலை முதலில் பின்னால் எடுத்து இறங்கிவிட வேண்டும். ஆனால் அப்படி இறங்கியபின் எறிந்த பந்து ஆடுகளத்தை விட்டு வெளியே போனால் ரன்னர்களுக்கு இரண்டு பேஸ். ரப்பரில் நின்றே எறிந்திருந்தால் ஒன்றுதான். இந்தக் கணக்கைப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்து நான் அதிகம் கேட்டதில்லை.

டிவி குழப்புவது இங்கே: மூன்றாம் பேஸுக்குக் காலெடுத்து வைத்துப் பாவனை காட்டுவதை மேஜர் லீக் 2013-இல் தடை செய்தது, பள்ளி ஆட்டத்தில் அது செல்லும். செட் நிலைக்கு வராமல் வீசும் வைண்ட்அப் நிலையிலிருந்து நேரடியாக பேஸுக்கு வீசுவது மேஜர் லீக்கில் செல்லும், பள்ளியில் பால்க். 2023-இல் மேஜர் லீக் கொண்டுவந்த பிக்ஆஃப் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் பள்ளியில் கிடையாது. அதை நம்பி மூன்றாவது முறை வீசத் தயங்கும் பையனைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பள்ளி ஆட்டத்தில் பால்க் நடந்த கணமே பந்து செத்துவிடும். அதன்பின் பிட்ச் போய், பேட்டர் ஹோம் ரன்னே அடித்தாலும் செல்லாது. ரன்னர்கள் ஒரு பேஸ் மட்டும் நகர்வார்கள். கேலரியில் இருந்து கத்தும் பெற்றோர் அம்பயரைத் திட்டுவது பெரும்பாலும் இதற்காகத்தான், தீர்ப்பு சரியானதுதான்.

வீட்டு முற்றத்தில் சாக்பீஸால் அந்த 45 டிகிரி கோட்டைப் போட்டு, கால் எங்கே இறங்குகிறது என்று செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள்.