ஷர்லி ஜாக்சனை வாசிக்கத் தொடங்குவது எப்படி

அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்சனைப் (1916–1965) பற்றிப் பலரும் முதலில் கேள்விப்படுவது அவருடைய கதைகளை அல்ல. அவர் வளர்த்த கறுப்புப் பூனைகளையும், சேர்த்து வைத்திருந்த மாந்திரீக நூல்களையும், குறி பார்க்கும் டாரட் சீட்டுகளையும்தான். இந்த விசித்திரங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருடைய எழுத்துக்குள் நுழைய அவை உதவுவதில்லை. வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நான்கு குழந்தைகளை வளர்த்தபடி எழுதிய அவர், இருளைத் தேடி மயானத்துக்குப் போகவில்லை. சமையலறையிலும் ஊர்ப் பொதுவெளியிலும் அதைக் கண்டார். ஆகவே வாசகரும் அந்த வழியாகவே போவது நல்லது.

முதலில் 'தி லாட்டரி' சிறுகதையைப் படியுங்கள். கதைச்சுருக்கம், முன்னுரை எதையும் பார்க்காமல் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் வெளிவந்த இக்கதை, ஜூன் 27 காலையில் நடக்கிறது. இதழைச் சுடச்சுட வாங்கியவருக்கு அது மறுநாள் நடக்கவிருக்கும் காரியம்! பிறகு ஓரிரு நாள் இடைவெளி விட்டு, கையில் பென்சிலுடன் மீண்டும் படியுங்கள். தொடக்கத்தில் சிறுவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், நடவையும் மழையையும் டிராக்டரையும் வரியையும் பற்றிப் பேசும் ஆண்கள் எவ்வளவு மெல்லச் சிரிக்கிறார்கள், தாமதமாக ஓடிவரும் ஹட்சின்சன் வீட்டுப் பெண் என்ன காரணம் சொல்கிறாள் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எதுவுமே ஒளித்து வைக்கப்படவில்லை என்பதும், நாம்தான் பார்க்க மறுத்தோம் என்பதும் அப்போது தெரியவரும். அச்சமூட்டும் உரிச்சொற்களைத் தேடினால் கிடைக்காது. ஒரு சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் போன்ற நிதானத்தில் வாக்கியங்கள் நகர்கின்றன. என்னை அவருக்கு அடிமையாக்கியது அந்த நிதானமே.

கதையை இருமுறை படித்தபின், அதன் வரலாற்றைப் பற்றி அவர் ஆற்றிய உரையைத் தேடிப் படியுங்கள். அவர் மறைவுக்குப் பின் 1968-ல் வந்த 'கம் அலாங் வித் மீ' தொகுப்பில் அது இருக்கிறது. கதை வெளிவந்த அந்தக் கோடையில் வாசகர்களிடமிருந்து வந்த முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களில் 13 மட்டுமே அன்பாகப் பேசின என்றும், அவற்றிலும் பெரும்பாலானவை நண்பர்கள் எழுதியவை என்றும் சொல்கிறார். அவரைத் திட்டியவர்களைவிட, கதையில் வரும் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்தவர்களே என்னை அதிகம் நடுங்க வைத்தார்கள்.

அடுத்து நேராக நாவல்களுக்குத் தாவிவிடாதீர்கள். 1953-ல் வெளிவந்த 'லைஃப் அமங் தி சாவேஜஸ்' என்ற குடும்ப நகைச்சுவை நூலை நடுவில் வையுங்கள். பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போகும் தாயிடம் தொழில் என்ன என்று கேட்கிறார் அலுவலர். எழுத்தாளர் என்று பதில் வருகிறது. இல்லத்தரசி என்றே எழுதிக்கொள்கிறேன் என்கிறார் அவர். சிரித்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய இந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். ஒரு பெண்ணின் பெயரையும் இருப்பையும் வீடு மெல்ல விழுங்குவது இங்கே வேடிக்கையாக இருக்கிறது. நாவல்களில் அதுவே திகிலாகிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்று உணராதவர்கள் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நாவல்களில் 1962-ல் வந்த 'வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்டு இன் தி காஸில்' முதலில் வரட்டும். பதினெட்டு வயது மெரிகேட் தானே கதை சொல்கிறாள். அவள் குரல் அத்தனை வசீகரமானது என்பதால், அவள் சொல்வதை நம்பியபடியே, சொல்லாமல் தாண்டுவதையும் கவனித்துக்கொண்டு வாருங்கள். 1959-ல் வந்த 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அதன் முதல் பத்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு உள்ளே போங்கள். பேய் இருக்கிறதா இல்லையா என்று துப்புத் துலக்குவதை விட்டுவிட்டு, தனக்கென ஓர் இடமே இல்லாத எலினார் அந்த வீட்டை எப்போது தன் வீடாக நினைக்கத் தொடங்குகிறாள் என்று பாருங்கள். இந்நாவலை வைத்து ராபர்ட் வைஸ் இயக்கிய 1963-ஆம் ஆண்டுத் திரைப்படத்தை நாவலை முடித்த பிறகே பாருங்கள்.