மலையிலிருந்து எம்பிஏ போகிறீர்களா? முதல் செமஸ்டரைப் பிடிக்க ஒரு வழி

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு எம்பிஏவுக்குக் கோவை இறங்கும் பிள்ளைகள் பலர் முதல் மாதமே மிரண்டுபோகிறார்கள். பக்கத்து இருக்கையில் பி.காம். முடித்தவர் இருப்பார். டெபிட், கிரெடிட் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மிரள வேண்டாம். கொழுந்து விற்று வளர்ந்த வீட்டுப் பிள்ளை இந்தப் படிப்பில் பாதியை ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கும். நானும் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி வீட்டிலிருந்து போய்ப் படித்தவள்தான். இப்போது ஒரு தேயிலை பேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன்.

சேர்க்கை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 100 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். ஐஐஎம் கனவு இருந்தால் நவம்பரில் வரும் கேட் தேர்வு. அதற்கு ஒரு வருடம் முன்பே உட்கார வேண்டும்.

முதல் செமஸ்டரில் ஆளைக் கவிழ்ப்பது கணக்கியலும் செலவுக் கணக்கும்தான். புத்தகத்தில் சட்டைக் கம்பெனி, பேனாக் கம்பெனி என்று உதாரணம் வரும். அதை மூடி வைத்துவிட்டு நம் ஊர் பேக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும். இலை கிலோ 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இலைக்கு மட்டும் 81 ரூபாய். விறகு, கரண்ட், பேக்கிங் சேர்த்து இன்னொரு 19. ஆக 100 ரூபாய். உற்பத்தி கூடினால் கூடும், குறைந்தால் குறையும் என்பதால் இதற்கு மாறும் செலவு என்று பெயர். தூள் 120க்குப் போனால் கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கும். வகுப்பில் இதற்குப் பெயர் கான்ட்ரிபியூஷன்.

மேனேஜர் சம்பளம், வட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் மாதம் 6 லட்சம் என்று வையுங்கள். இலை வந்தாலும் வராவிட்டாலும் இது போகும். 6 லட்சத்தை 20ஆல் வகுத்தால் 30,000 கிலோ தூள். அதாவது மாதம் 1,35,000 கிலோ இலை, தினமும் 4,500 கிலோ. அதுதான் பிரேக் ஈவன், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிற அளவு.

இப்போது ஜனவரி உறைபனியைக் கொண்டுவாருங்கள். இலை கருகி வரத்து தினம் 3,000 கிலோவாக இறங்குகிறது. தூள் 20,000 கிலோ, கான்ட்ரிபியூஷன் 4 லட்சம், நஷ்டம் 2 லட்சம். நஷ்டம்தானே, மூடிவிடலாமா? மூடினால் நஷ்டம் 6 லட்சம். ஓட்டுவதுதான் சரி. ஊரில் பனிக்காலத்திலும் பேக்டரி ஏன் ஓடுகிறது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது இந்தக் கணக்கில்தான். அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை. இதைப் பேப்பரில் நீங்களே எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு வேறு எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்தது கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு கம்பெனியின் சிக்கலைப் படித்து என்ன முடிவெடுக்கலாம் என்று வகுப்பில் விவாதிப்பது. ஹார்வர்டு வளர்த்தெடுத்த முறை. அதன் உதவியோடு 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐஐஎம் வழியாக இங்கே வேரூன்றியது. இருபது பக்க ஆங்கிலத்தைப் பார்த்துப் பயந்து முதல் வரியிலிருந்து அகராதியோடு உட்காராதீர்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படித்து, யார், எந்தத் தேதிக்குள், என்ன முடிவெடுக்க வேண்டும் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். பிறகு அட்டவணைகள். நடுப்பகுதி கடைசியில். வகுப்பில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கஷ்டமாகிவிடும். ஆங்கிலம் தடுமாறினாலும் எண்ணைச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

பழக்கத்துக்கு அதே பேக்டரியை வைத்து ஒரு கேள்வி: பனிக்காலத்தில் இலைக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டிக் கொடுக்கலாமா? தூளுக்கு 9 ரூபாய் செலவு ஏறி, மிஞ்சுவது 11. பழைய 4 லட்சத்தை எட்டவே சுமார் 36,400 கிலோ தூள் வேண்டும். உறைபனியில் அவ்வளவு இலை ஏது? கணக்கு கூடாது என்கிறது. ஆனால் கூட்டாவிட்டால், விவசாயிகளிடம் இலை வாங்கிக் கொண்டுவரும் ஏஜென்ட் அதை வேறு பேக்டரிக்குத் திருப்பிவிடுவார், ஏப்ரலில் கொழுந்து பெருகும்போதும் திரும்பி வரமாட்டார். இரண்டு பக்கமும் வாதாடிப் பாருங்கள். ஸ்ட்ராட்டஜி பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

மார்க்கெட்டிங், எச்.ஆர். பாடங்கள் படித்தால் வந்துவிடும். அங்கே நேரத்தை மிச்சம் பிடித்துப் புள்ளியியலுக்குக் கொடுங்கள்.

முதல் ஆண்டு முடிவில் கோடை இன்டர்ன்ஷிப். எல்லோரும் சென்னை, பெங்களூரு என்று ஓடுவார்கள். குன்னூரில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏல விலையை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. இரண்டையும் விவசாயி கைக்கு வந்த விலையோடு அருகருகே வைத்தாலே நல்ல ப்ராஜெக்ட். கல்லூரிக் கடிதத்தோடு பிப்ரவரியிலேயே பேக்டரிக்குப் போய்விடுங்கள். அப்போது இலை குறைவு, மேனேஜருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.